ஒட்டாத பிளாஸ்டிக்குகளும் மீன் தொட்டியும்

பள்ளியில் மீன் தொட்டி வைத்துப் பேணும் ஆசிரியர்களும், வண்ண மீன் வளர்ப்போருக்கு வழிகாட்டும் களப் பணியாளர்களும் ஒரு தொல்லையை அறிந்திருப்பர். தொட்டியின்மேல் அமர்ந்த வடிகட்டிப் பெட்டியின் குழாய் முறிகிறது. உடனடிப் பசை இட்டு ஒட்டுகிறோம், ஒட்டிக்கொண்டதாகவே தோன்றுகிறது. நான் அறிந்த ஒரு பள்ளியில் இவ்வாறு ஒட்டப்பெற்ற குழாய் நள்ளிரவில் கழன்றது. மோட்டாரோ நிற்கவில்லை. தொட்டி நீரைப் பெட்டிக்கு ஏற்றிக்கொண்டேயிருந்தது. பெட்டியிலிருந்து அது தரையில் கொட்டியது. காலையில் மாணவர்கள் கண்டது ஈர மணலும் இறந்த மீன்களுமே.

பிழை பசையினுடையதன்று. அக்குழாய் பாலிபுரோப்பிலீன் என்னும் பொருளால் ஆனது. அதுவும் அதன் இனமான பாலிஎதிலீனும் எளிதில் ஒட்டா. ஏன்?

பசை பற்ற வேண்டுமாயின் முதலில் அது பரப்பின்மேல் பரவுதல் வேண்டும். திரவத்தின் பரப்பு இழுவிசையைவிடத் திண்மத்தின் பரப்பு ஆற்றல் மிகுந்திருந்தால் நன்கு பரவும். குறைந்திருந்தால் துளியாகத் திரண்டு நிற்கும். பாலிஎதிலீனின் பரப்பு ஆற்றல் சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 31 டைன். அக்ரிலிக்கினுடையது 40 அளவில் உள்ளது. எப்பாக்சிப் பசையின் இழுவிசையோ 45 அளவு. மேலும், பாலிஎதிலீனும் பாலிபுரோப்பிலீனும் கரியும் ஹைட்ரஜனும் மட்டுமே கொண்டவை. பசை பிடித்துக்கொள்ளத்தக்க மூலக்கூற்றுப் பிடிகள் அவற்றில் இல்லை. சாதாரணக் கரைப்பான்களும் அறை வெப்பநிலையில் அவற்றைக் கரைப்பதில்லை. உடனடிப் பசை விற்கப்படும் சிறு புட்டியே பெரும்பாலும் பாலிஎதிலீனால் ஆனது என்பதை மாணவர்க்குச் சுட்டினால், பாடம் பாதி முடிந்ததாகும்.

எப்பொருள் என்று அறிவது எப்படி? முறிந்த துண்டொன்றைச் சோப்பு நீரில் கழுவி, நல்ல நீரில் அமிழ்த்தி, ஒட்டிய காற்றுக்குமிழிகளைத் தட்டி நீக்குக. மிதந்தால் பாலிஎதிலீன் அல்லது பாலிபுரோப்பிலீன் எனக் கொள்ளலாம். அக்ரிலிக்கும் பி.வி.சி.யும் மூழ்கும். பொருளின் அடியில் முக்கோணக் குறிக்குள் 2 அல்லது 4 இருப்பின் பாலிஎதிலீன். 5 இருப்பின் பாலிபுரோப்பிலீன். 3 இருப்பின் பி.வி.சி. எரித்துப் பார்க்கும் சோதனையை வகுப்பறையில் செய்யற்க, பி.வி.சி. எரியும்போது ஹைட்ரஜன் குளோரைடு வெளிப்படும்.

மூழ்குபவற்றுக்கு வழி எளிது. பி.வி.சி. குழாய்க்கு அதற்கெனவே விற்கும் கரைப்பான் பசை போதும். அக்ரிலிக் தகடுகளை டைகுளோரோமீத்தேன் கலந்த கரைப்பான் இணைக்கும்; அதன் ஆவி தீங்கானது, ஆதலால் திறந்த வெளியிலேயே கையாளுக. கண்ணாடிக்குச் சிலிக்கோன் சிறந்தது. ஆனால் பூஞ்சைக்கொல்லி சேர்த்த குளியலறைச் சிலிக்கோனை மீன் தொட்டியில் இடலாகாது. வினிகர் மணம் முற்றும் அகலும்வரை காத்திருத்தலும் வேண்டும். இதே சிலிக்கோன் பாலிஎதிலீன்மேல் காய்ந்தபின் தோல்போல உரிந்து வந்துவிடும்.

மிதப்பவற்றை என் செய்வது? தயார்ப்பூச்சுடன் கூடிய உடனடிப் பசைகள் கிடைக்கின்றன. உலர்ந்த மேசையில் அவை உறுதியாகவே பிடிக்கும். எனினும், எந்நேரமும் நனைந்தும் மோட்டாரால் அதிர்ந்தும் இருக்கும் இணைப்பை அவற்றை நம்பி விட நான் துணியேன். மற்றொரு முறை, பரப்பைச் சுடரால் பதப்படுத்தல். வாயு அடுப்பின் நீலச்சுடரை ஒரு கணமே, நிறுத்தாது, பரப்பின்மீது ஓட்டினால் ஆக்சிஜன் கொண்ட தொகுதிகள் அங்கு உண்டாகின்றன. முன்னர்த் துளியாய் நின்ற நீர் இப்போது படலமாய்ப் பரவும். இதனை வகுப்பில் ஆசிரியரே செய்து காட்டலாம். பரவியது கண்டதும் துடைத்து உலர்த்தி, தாமதியாமல் எப்பாக்சி இடுக. சுடர் சற்றே நின்றாலும் பிளாஸ்டிக் உருகிவிடும்.

எல்லாவற்றினும் நம்பத்தக்கது பசையே வேண்டாத வழி. அதே பொருளாலான கம்பியை உருக்கிப் பற்றவைக்கலாம். பாலிபுரோப்பிலீனுக்குப் பாலிபுரோப்பிலீன் கம்பியே பொருந்தும். அன்றேல் துளையிட்டு, ரப்பர் வளையமும் பிளாஸ்டிக் மரையும் இட்டு இறுக்குக. தாங்கிகளை நைலான் பட்டையால் கட்டுக. பித்தளைத் திருகாணி கூடாது. அதிலிருந்து கரையும் செம்பு மீனுக்கும், மிகுதியாக இறாலுக்கும் நஞ்சாகும்.

பழுது நீக்கிய பெட்டியை உடனே தொட்டிமேல் ஏற்ற வேண்டா. மீன் இல்லாத வாளியின்மேல் வைத்து, மோட்டாரை ஒரு பகலும் ஓர் இரவும் ஓடவிட்டு, இணைப்பின் அடியில் உலர்ந்த செய்தித்தாளை விரித்துப் பார்க்க. தாள் நனையாதிருந்தால் ஏற்றலாம்.