மயக்கம் தெளியும் பிள்ளை கதறினால்: மீட்பறைத் தாதியருக்குச் சில குறிப்புகள்

லிட்டில் இந்தியா எம்ஆர்டி நிலையத்திலிருந்து சில நிமிட நடையில், புக்கிட் தீமா சாலையில் இருக்கிறது கேகே மகளிர், சிறுவர் மருத்துவமனை. அங்கோ வேறெங்கோ சிறுவர் மீட்பறையில் வேலைக்குச் சேர்ந்தால், சீக்கிரமே இதைப் பார்ப்பீர்கள்: பிள்ளை கண் திறந்திருக்கும், தாயை அடையாளம் தெரியாது. உதைக்கும், உடம்பை முறுக்கும், கையில் ஏற்றிய ஊசியைப் பிடுங்கப் பார்க்கும். "மிஸ்ஸி, பிள்ளைக்கு என்ன ஆச்சு?" என்று தாய் பதறுவார்.

இது விழிப்புக் குழப்பம். செவோஃபுளூரேன் வாயு மயக்கத்திலிருந்து தெளியும் 2 முதல் 5 வயதுப் பிள்ளைகளிடம் அதிகம். பெரும்பாலும் முதல் அரை மணி நேரத்தில் வந்து, தானே தணியும்.

1. முதலில் காரணம் தேடுங்கள். ஆக்சிஜன் அளவு, மூச்சுப்பாதை, வலி, நிறைந்த சிறுநீர்ப்பை, ரத்தச் சர்க்கரை: இவற்றைப் பார்க்காமல் மயக்க மருந்து கேட்காதீர்கள். மூச்சுத் திணறும் பிள்ளையும் இப்படித்தான் துள்ளும்.

2. மதிப்பெண் போடுங்கள். 2004இல் சிகிச், லெர்மன் இருவரும் வெளியிட்ட ‘பேய்ட்’ அளவுகோலில் ஐந்து அம்சங்கள்: கண்ணைப் பார்க்கிறதா, செயலில் நோக்கம் உண்டா, சுற்றுப்புறம் தெரிகிறதா, அமைதியின்றி இருக்கிறதா, தேற்ற முடிகிறதா. மொத்தம் 20 மதிப்பெண். 10ஐத் தொட்டால் மருத்துவரிடம் சொல்லுங்கள். ‘ரொம்ப அழுகிறான்’ என்பதைவிட எண் தெளிவாகப் பேசும்.

3. மருந்தளவின் பின்னணியை அறியுங்கள். கேகே மருத்துவர்கள் 2015இல் வெளியிட்ட ஆய்வில், எம்ஆர்ஐ ஸ்கேனுக்கு மயக்கம் பெற்ற 120 பிள்ளைகளில், குழப்பத்தைத் தடுக்க ஒரு பிரிவுக்குக் கிலோவுக்கு 0.3 மைக்ரோகிராம் டெக்ஸ்மெடிடோமிடின், இன்னொன்றுக்குக் கிலோவுக்கு 1 மில்லிகிராம் புரோபோஃபால், மூன்றாவதற்கு உப்புநீர் தரப்பட்டது. குழப்பம் வந்த விகிதத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஸ்கேனில் வலி கிடையாது; ஆனாலும் குழப்பம் வந்தது. ஆகவே வலி மட்டுமே காரணமல்ல. அதே ஆண்டின் ஆஸ்திரேலிய ஆய்வில், ஸ்கேன் முடிவில் கிலோவுக்கு 3 மில்லிகிராம் புரோபோஃபாலை 3 நிமிடத்தில் மெல்லச் செலுத்தியபோது குழப்பம் வெகுவாகக் குறைந்தது. கண்விழிக்கத்தான் சற்றுத் தாமதமானது. எவ்வளவு, எப்போது, எந்த வேகத்தில் என்பதை முடிவுசெய்வது மயக்க மருந்து நிபுணர்.

4. கணக்கை இருவர் சரிபாருங்கள். 12 கிலோ பிள்ளைக்கு டெக்ஸ்மெடிடோமிடின் கிலோவுக்கு 0.3 மைக்ரோகிராம் என்றால் மொத்தம் 3.6 மைக்ரோகிராம். மில்லிக்கு 4 மைக்ரோகிராமாக நீர்த்த கரைசலில் அது 0.9 மில்லி. மில்லிக்கு 100 மைக்ரோகிராம் உள்ள குப்பியிலிருந்து நீர்க்காமல் அதே 0.9 மில்லியை எடுத்தால், 25 மடங்கு மருந்து உள்ளே போய்விடும். ஊசிக்குழலில் மருந்தின் பெயரோடு செறிவையும் எழுதி ஒட்டுங்கள்.

5. மருந்துக்குப் பின் பக்கத்திலேயே நில்லுங்கள். டெக்ஸ்மெடிடோமிடின் இதயத் துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் குறைக்கும். புரோபோஃபால் மூச்சை நிறுத்தக்கூடும். பிள்ளை அடங்கிவிட்டது என்று அடுத்த கட்டிலுக்கு நகராதீர்கள்.

6. பெற்றோருக்கு முன்கூட்டியே சொல்லுங்கள். "எழும்போது உங்களைத் தெரியாத மாதிரி அழலாம்மா, கொஞ்ச நேரத்தில் சரியாகிடும்" என்று அறுவைக்கு முன்பே தமிழில் சொன்னால், பாதிப் பதற்றம் அங்கேயே தீரும்.

மருந்தை எழுதித் தருவது மருத்துவர். அது தேவையா என்று அவர் முடிவெடுக்க நம்புவது, பக்கத்தில் நிற்கும் உங்கள் கண்ணையும் நீங்கள் சொல்லும் எண்ணையும்தான். இரண்டையும் கூர்மையாக வைத்துக்கொள்ளுங்கள்.