தாய்மாமன் வாங்கித் தரும் டேப்லெட்

அன்புள்ள தம்பி,

உன் கடிதம் கிடைத்தது. முதல் சம்பளம் கைக்கு வந்ததும் அக்கா மகனுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று உனக்குத் தோன்றியது மனதுக்கு நிறைவாக இருக்கிறது. அவனுடைய ஐந்தாவது பிறந்தநாளுக்கு 15,000 ரூபாயில் ஒரு டேப்லெட் வாங்கித் தரலாமா என்று கேட்டிருக்கிறாய். வேண்டாம் என்பதே என் பதில். வெறுமனே வேண்டாம் என்று பெரியவர்கள் சொல்லிக் கேட்டு உனக்கு அலுத்திருக்கும் என்பதால் காரணங்களையும் எழுதுகிறேன். எடைபோட்டுப் பார்த்து நீயே முடிவு செய். திரை என்றாலே நஞ்சு என்று நான் வாதிடப் போவதில்லை. அந்தப் பிள்ளை போனையே தொடாமல் வளர வேண்டும் என்றும் கேட்கவில்லை. ஒரு கருவியைப் பயன்படுத்துவது வேறு, அதை உடைமையாக வைத்திருப்பது வேறு. சின்னக் குழந்தைகளைப் பொறுத்தவரை சிக்கலில் பெரும்பகுதி இந்த இரண்டாவதில்தான் இருக்கிறது. பரிசாகக் கொடுக்கும்போது நாம் செய்வதும் அதைத்தான்.

அக்காவின் போனில் அவன் அரை மணி நேரம் பாட்டு பார்க்கிறான் என்று வைத்துக்கொள். போன் அக்காவுடையது. யாராவது அழைத்தால் வாங்கிக்கொள்வாள், சார்ஜ் குறைந்தால் வாங்கிக்கொள்வாள், போதும் என்று தோன்றினாலும் வாங்கிக்கொள்வாள். பிள்ளை அழுவான். ஆனாலும் அம்மா தன் பொருளைத் தானே எடுத்துக்கொண்டாள் என்பது ஐந்து வயதில் புரிந்துவிடும். அதே கருவி பிறந்தநாளன்று, அதுவும் தாய்மாமன் கையால் அவனுக்கென்றே வந்தால் கதை மாறிவிடுகிறது. நம் குடும்பங்களில் தாய்மாமன் சீருக்கு என்ன மதிப்பு என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. காது குத்தும்போது பிள்ளையை மடியில் உட்கார வைத்துக்கொள்ளும் உரிமை உனக்குத்தான். நீ கொடுத்ததை அக்கா எடுத்து ஒளித்து வைத்தால் பிள்ளையிடமிருந்து பிடுங்கியது போலவும் ஆகும், உன்னை மதிக்காதது போலவும் ஆகும். 'மாமா எனக்குத்தானே வாங்கிக் கொடுத்தார்?' என்று அவன் கேட்டால் அவளிடம் நேர்மையான பதில் இருக்காது. கொடுத்த நீ இரண்டு நாளில் ஊருக்குத் திரும்பிவிடுவாய். தினமும் சாயங்காலம் அதை வாங்கி வைக்கும் போராட்டம் அவளுக்கும் அத்தானுக்கும் போய்ச் சேரும்.

உலக சுகாதார நிறுவனம் 2019-இல் ஐந்து வயதுக்கு உட்பட்டவர்களுக்கான வழிகாட்டுதல்களை வெளியிட்டது. ஒரு வயதுக்குள் திரையே வேண்டாம், இரண்டு முதல் நான்கு வயது வரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், அதற்கும் குறைந்தால் நல்லது என்றது. நம் நாட்டின் குழந்தை மருத்துவர்களின் அமைப்பான இந்தியன் அகாடமி ஆஃப் பீடியாட்ரிக்ஸும் இரண்டு முதல் ஐந்து வயது வரை ஒரு மணி நேரம், ஐந்து முதல் பத்து வயது வரை இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக என்று வரையறுத்திருக்கிறது. இவற்றைப் படிக்கும் பலர் மணிக்கணக்கோடு நின்றுவிடுகிறார்கள். அந்த ஒரு மணி நேரம் முடிந்ததும் கருவியை அணைத்து வைக்கப் போவது யார்? பக்கத்தில் ஒரு பெரியவர் இருப்பார் என்ற எண்ணத்தில்தான் இந்த அளவுகள் எழுதப்பட்டிருக்கின்றன. நாள் முழுவதும் தனக்கே சொந்தமாக இருக்கும் ஒன்றை ஒரு மணி நேரம் மட்டும் தொட வேண்டும் என்பது நம்மில் பலராலும் இயலாத கட்டுப்பாடு. அதை ஐந்து வயதுப் பையனிடம் கேட்பது நியாயமில்லை.

பீரோவில் வைத்துப் பூட்டி, வேண்டும்போது மட்டும் எடுத்துக் கொடுத்தால் போயிற்று என்பாய். பிறந்த குழந்தைக்குப் போடும் தங்கச் சங்கிலியை அம்மா பத்திரப்படுத்தி வைப்பதில்லையா என்றும் கேட்பாய். சங்கிலியை எந்தக் குழந்தையும் நினைத்து நினைத்து அழுவதில்லை. டேப்லெட்டை நினைத்து அழும். அந்த அழுகையை நிறுத்துவதற்கே மறுபடியும் அதை எடுத்துக் கொடுக்க வேண்டியிருக்கும். மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மூன்று முதல் ஐந்து வயது வரையிலான 422 குழந்தைகளின் பெற்றோரிடம் விசாரித்து 2022-இன் இறுதியில் முடிவை வெளியிட்டார்கள். அழும் பிள்ளையை அமைதிப்படுத்த அடிக்கடி போனையோ டேப்லெட்டையோ கொடுத்த வீடுகளில், குழந்தைகளின் உணர்ச்சிக் கொந்தளிப்பும் பின்னர் கூடியிருந்தது. ஆண் பிள்ளைகளிடம் இது இன்னும் தெளிவாகத் தெரிந்தது. அதிகம் அழும் பிள்ளைக்குத்தான் அதிகம் கொடுக்கிறார்கள் என்றும் இதை வாசிக்கலாம். காரணம் எது, விளைவு எது என்று இந்த ஓர் ஆய்வை வைத்து அறுதியிட முடியாது. ஆனால் எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் பெற்றோர் சிக்கிக்கொள்ளும் சுழல் ஒன்றுதான். அந்தச் சுழலை வீட்டுக்குள் கொண்டுவந்து வைப்பவனாக நீ இருக்க வேண்டாம்.

'அதில் படிப்புச் செயலிகள் போட்டுத் தருவேன்' என்று எழுதியிருக்கிறாய். உன் வாதங்களில் வலுவானது இதுதான். ஆகவே இதற்குச் சற்று விரிவாகவே பதில் சொல்கிறேன். அமெரிக்காவில் சியாட்டில் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பாட்ரிசியா குல் என்ற அறிஞரும் அவருடைய குழுவினரும் 2003-இல் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார்கள். ஆங்கிலம் பேசும் வீடுகளில் வளரும் ஒன்பது மாதக் குழந்தைகள் சிலரோடு சீன மொழி பேசுபவர்கள் நேரில் அமர்ந்து, புத்தகம் படித்துக் காட்டி, பொம்மைகளை வைத்து விளையாடினார்கள். மொத்தம் 12 அமர்வுகள், ஒவ்வொன்றும் 25 நிமிடம். அந்தக் குழந்தைகள் ஆங்கிலத்தில் இல்லாத சீன ஒலிகளைப் பிரித்தறியக் கற்றுக்கொண்டார்கள். இன்னொரு குழுவுக்கு அதே ஆட்கள் அதே பொம்மைகளோடு பேசியதைப் படம்பிடித்துத் திரையில் காட்டினார்கள். அவர்கள் ஒன்றும் கற்கவில்லை. சீன மொழியே கேட்காத குழந்தைகளின் நிலையில்தான் இருந்தார்கள். காதில் விழுந்தது அதே மொழி, கண்ணில் பட்டதும் அதே முகம். திரைக்குள் இருந்தவரால் குழந்தையின் பார்வைக்கும் முனகலுக்கும் பதில் தர முடியவில்லை என்பதுதான் குறை.

அவனுக்கு ஒன்பது மாதமில்லையே, ஐந்து வயது ஆகிறதே என்பாய். 2014-இல் வெளிவந்த இன்னோர் ஆய்வைப் பார். இரண்டு, இரண்டரை வயதுக் குழந்தைகளுக்குப் புதிய சொற்களை மூன்று விதமாகச் சொல்லிக்கொடுத்தார்கள்: நேரில், வீடியோ காலில், பதிவு செய்த காணொளியில். நேரில் கேட்டவர்களைப் போலவே வீடியோ காலில் கேட்டவர்களும் கற்றார்கள். காணொளியைப் பார்த்தவர்கள் கற்கவில்லை. ஆக, குற்றம் கண்ணாடித் திரையில் இல்லை. அந்தப் பக்கம் ஒரு மனிதர் இருந்து, இந்தக் குழந்தை சொன்னதற்குப் பதில் சொன்னால் திரை வழியாகவும் மொழி வந்து சேர்கிறது. துபாயிலோ சிங்கப்பூரிலோ இருக்கும் அப்பாவோடு பிள்ளை பேசுவதை யாரும் தடுக்க வேண்டியதில்லை. அதற்கு அம்மாவின் போனே போதும். வயது ஏறஏற நல்ல நிகழ்ச்சியிலிருந்தும் செயலியிலிருந்தும் குழந்தை ஓரளவு கற்கும் என்பதை நான் மறுக்கவில்லை. பக்கத்தில் இருந்து 'அது ஏன் அப்படிச் செய்தது?' என்று கேட்க ஒருவர் இருக்கும்போதுதான் அது நன்றாக நடக்கிறது. தனக்கென்று ஒரு டேப்லெட் வந்துவிட்ட பிள்ளையோ அதைத் தூக்கிக்கொண்டு தனி மூலைக்குப் போய்விடுகிறான்.

கருவியைக் கொடுத்தால் பிள்ளைகள் கற்பார்களா என்பது பெரிய அளவிலும் சோதிக்கப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு மடிக்கணினி என்ற இயக்கத்தை நிக்கோலஸ் நெக்ரோபான்டே 2005-இல் உலகுக்கு அறிவித்தார். தென் அமெரிக்காவின் பெரு நாடு லட்சக்கணக்கில் அந்தக் கணினிகளை வாங்கித் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொடுத்தது. 319 கிராமப்புறப் பள்ளிகளில் நடத்திய மதிப்பீடு 2012-இல் வெளியானது. கணிதத்திலும் மொழிப்பாடத்திலும் கணினி பெற்ற பள்ளிகளுக்கும் பெறாதவற்றுக்கும் வேறுபாடு தென்படவில்லை. பொதுவான சிந்தனைத் திறனை அளந்த சோதனைகளில் சிறு முன்னேற்றம் இருந்தது. அதை மறைப்பதற்கில்லை. கணினியைக் கையாளப் பிள்ளைகள் விரைவாகவே பழகிக்கொண்டார்கள். 'தொழில்நுட்பக் காலத்தில் பின்தங்கிவிடுவான்' என்ற அச்சத்துக்கு இங்கேயே விடை இருக்கிறது. இந்தக் கருவிகள் எளிதாகப் பழகும்படியே செய்யப்படுகின்றன. ஐந்து வயதில் தொடங்காவிட்டால் எட்டாத வித்தை எதுவும் அவற்றில் இல்லை. தமிழ்நாட்டு அரசு 2011-இல் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியபோது மேல்நிலை வகுப்பு மாணவர்களுக்கும் கல்லூரி மாணவர்களுக்கும்தான் கொடுத்தது. எழுதவும் தேடவும் தேவை வந்த வயது அது. அவர்களில் பலர் அதற்குமுன் கணினி வைத்திருந்தவர்கள் அல்லர். அதனால் கற்க முடியாமல் போய்விடவில்லை.

கண்ணைப் பற்றியும் ஒரு வார்த்தை. சீனாவின் குவாங்சோ நகரில் 12 பள்ளிகளின் முதல் வகுப்புப் பிள்ளைகளை மூன்று ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். பாதிப் பள்ளிகளில் தினமும் கூடுதலாக 40 நிமிடம் வெளியே வெளிச்சத்தில் இருக்கச் செய்தார்கள். அந்தப் பள்ளிகளில் புதிதாகக் கிட்டப்பார்வை வந்தவர்கள் 30.4 சதவீதம், மற்றப் பள்ளிகளில் 39.5 சதவீதம். யாரிடமிருந்தும் எந்தத் திரையையும் அங்கே பிடுங்கவில்லை, வெயில் மட்டும் கூட்டினார்கள். ஒரு குழந்தையின் சாயங்காலம் எதற்குப் போகிறது என்பதே கணக்கு. சொந்தமாக ஒரு டேப்லெட் வந்தால் முதலில் குறைவது வெளியே ஓடும் நேரம்தான்.

கடையில் அட்டைப் பெட்டிக்குள் இருக்கும்போது அது ஒரு பொருள். வீட்டுக்கு வந்து இணையத்தில் சேர்ந்ததும் வாசல் ஆகிவிடுகிறது. அதன் வழியாக உள்ளே வருபவர்களை உனக்கோ அக்காவுக்கோ தெரியாது. அமெரிக்காவில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் பயன்படுத்தும் 135 செயலிகளை ஆராய்ந்து 2018-இல் வெளியான ஆய்வு, அவற்றில் 95 சதவீதத்தில் ஏதாவது ஒருவகை விளம்பரம் இருந்ததாகச் சொன்னது. விளையாட்டின் நடுவே குறுக்கிட்டவை உண்டு. பணம் கொடுத்து வாங்காமல் செயலிக்குள் இருக்கும் கடையை மூடினால் ஒரு பாத்திரம் அழுவதும் உண்டு. விளம்பரம் எது, விளையாட்டு எது என்று பிரிக்கத் தெரியாத வயதில் அந்த அழுகை எப்படி வேலை செய்யும் என்று யோசித்துப் பார். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. குழந்தைகளுக்கென்றே கற்றல் டேப்லெட்டுகள் செய்யும் விடெக் நிறுவனத்தின் கணினிகளில் 2015-இல் ஊடுருவியவர்கள் 60 லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளின் விவரங்களை எடுத்துக்கொண்டார்கள். பேசும் பொம்மை ஒன்றை 2017-இல் ஜெர்மனி அரசு ஒளிந்திருக்கும் ஒட்டுக்கேட்புக் கருவி என்று வகைப்படுத்தித் தடை செய்து, வாங்கியவர்கள் அதை அழித்துவிட வேண்டும் என்றது. ஆகவே டேப்லெட்டுக்குப் பதிலாக இணையத்தோடு பேசும் பொம்மையோ சிறுவர் ஸ்மார்ட் வாட்சோ வாங்கலாம் என்று போய்விடாதே. நம் நாட்டில் 2023-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களின் தரவுக்குப் பெற்றோரின் ஒப்புதலைக் கேட்கிறது. குழந்தைகளைக் குறிவைக்கும் விளம்பரத்தையும் தடுக்கிறது. நல்ல சட்டம். ஆனால் பெற்றோரின் கணக்கில் திறந்த கருவியைப் பிடித்திருக்கும் விரல் யாருடையது என்று அந்தக் கருவிக்குத் தெரியாது.

இனி நீ எழுப்பிய மறுப்புகளில் மிச்சமுள்ளவை. வகுப்பில் மற்றப் பிள்ளைகளிடம் இருக்கிறது என்கிறாய். இருக்கலாம், அந்த ஏக்கம் உண்மையானது. ஆனால் பக்கத்து வீட்டுக்காக வாங்கியது அடுத்த ஆண்டே பழைய மாடல் ஆகிவிடும். ஏக்கம் மட்டும் புதிய மாடலுக்கு மாறிக்கொள்ளும். அக்கா வேலைக்குப் போகிறவள், சமைக்கும் நேரத்தில் பிள்ளையை எதிலாவது உட்கார வைக்கத்தானே வேண்டும் என்பது இதைவிடக் கனமான மறுப்பு. கூட்டுக்குடும்பமும் தெருவும் இல்லாத அடுக்ககத்தில் தனியாகப் பிள்ளை வளர்ப்பவர்களைக் குறை சொல்லும் தகுதி யாருக்கும் இல்லை. அந்த அரை மணிக்கு ஹாலில் இருக்கும் டிவியே போதும். எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் அது இருக்கிறது. படுக்கைக்குள் அதை எடுத்துப் போக முடியாது. ஒரே ஓர் இடத்தில் என் வாதம் முழுவதையும் திரும்பப் பெறுகிறேன். பேச முடியாத குழந்தைகளுக்கு, படங்களைத் தொட்டுப் பேச உதவும் ஆவாஸ் போன்ற செயலிகள் இருக்கின்றன. ஆவாஸ் நம் சென்னையில் உருவானது. அப்படிப்பட்ட பிள்ளைக்கு டேப்லெட் என்பது குரல். அது அவனுக்கே சொந்தமாக, எப்போதும் கையில் இருக்க வேண்டும். விலை பாராமல் வாங்கித் தரலாம்.

விலை என்றதும் இன்னொன்று. 15,000 ரூபாய்ப் பொருளைக் கையில் கொடுத்துவிட்டு 'கீழே போடாதே, தண்ணீர் படாமல் பார்' என்று கூடவே சொல்ல வேண்டியிருக்கும். கீழே போட்டும் கழற்றியும் பார்க்க முடிந்தால்தான் அந்த வயதில் ஒரு பொருளைக் குழந்தை அறிந்துகொள்ளும். தூக்கியெறியும் தீக்குச்சியிலும் சைக்கிள் டியூபிலும் அறிவியல் பொம்மைகள் செய்யக் கற்றுத்தந்த அரவிந்த் குப்தாவுக்கு 2018-இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். அவருடைய புத்தகங்கள் தமிழிலும் கிடைக்கின்றன. ஒன்றை வாங்கிக்கொண்டு போய் இரண்டு நாள் அவனோடு உட்கார்ந்து பார். மரக்கட்டைகள், வண்ணப் பென்சில்கள், ஒரு பூதக்கண்ணாடி, படக்கதைப் புத்தகங்கள் எல்லாம் சேர்த்தாலும் உன் தொகையில் பாதியைத் தொடாது. தாய்மாமன் கொடுத்தது கண்ணுக்கு நிறைவாக இருக்க வேண்டும் என்றால் சைக்கிள் வாங்கு. மீதிப் பணத்தை அஞ்சலகத்தில் அவன் பெயரில் போட்டு வை. பத்து வயது ஆனதும் கணக்கை அவனே நடத்தலாம். எட்டாவது, ஒன்பதாவது படிக்கும்போது பாடத்துக்கு உண்மையிலேயே தேவை என்று வந்தால் அந்தப் பணத்தோடு நீயும் கொஞ்சம் போட்டுக் கணினி வாங்கிக் கொடு. அப்போது நானே சேர்ந்து வந்து பார்த்து வாங்குகிறேன்.

எதை வாங்குவதாக இருந்தாலும் முதலில் அக்காவையும் அத்தானையும் கேட்டுவிடு. திடீர் மகிழ்ச்சி கொடுக்கும் ஆசையை இந்த ஒருமுறை விட்டுக்கொடு. சைக்கிள்தான் என்று முடிவானால் கடைக்கு அவனையும் கூட்டிப் போ. இருக்கையில் உட்கார்ந்ததும் இரண்டு கால்களும் தரையில் பட வேண்டும். வளர்ந்துவிடுவான் என்று கடைக்காரர் சொல்வார். அதைக் கேட்டுப் பெரிதாக வாங்கிவிடாதே.

அன்புடன்,
உன் அண்ணன்