ஒரே எரிபொருளை நம்பலாமா?

மாலையில் நம் இல்லங்களில் விளக்கு எரிகின்றது. அவ்வொளி எதிலிருந்து பிறக்கின்றது என நாம் எண்ணிப் பார்த்ததுண்டா?

ஒரு காலத்தில் பத்து ஆராங் சுரங்கத்து நிலக்கரியே பிரிக்பீல்ட்ஸை அடுத்த பங்சார் மின்நிலையத்தை இயக்கியது. 1953இல் கிள்ளானில் கொன்னாட் பிரிட்ஜ் மின்நிலையம் திறக்கப்பட்டது. பின்னர் மலிவான எண்ணெய் நிலக்கரியின் இடத்தைப் பிடித்தது. 1960இல் பத்து ஆராங் சுரங்கம் மூடப்பட்டது. 1963இல் கேமரன் மலை நீர்மின் திட்டம் தொடங்கிய பின்னும், நாடு பெரிதும் எண்ணெயையே நம்பியிருந்தது.

1973இல் உலகச் சந்தையில் எண்ணெய் விலை திடீரென உயர்ந்தது. ரப்பர் ஒன்றையே நம்பிய தோட்டங்கள் அதன் விலை சரிந்தபோது பட்ட பாட்டை நாம் அறிவோம். செம்பனையும் பயிரிட்ட தோட்டங்களோ ஓரளவு தாக்குப்பிடித்தன. மின்சாரத்திற்கும் அதுவே நீதி.

ஆகவே, எண்ணெய், எரிவாயு, நீர், நிலக்கரி என்னும் நான்கையும் பயன்படுத்தும் கொள்கையை அரசாங்கம் 1981இல் வகுத்தது. கிள்ளானை அடுத்த காப்பாரில் அமைந்த மின்நிலையம் எண்ணெய், எரிவாயு, நிலக்கரி ஆகிய மூன்றையும் எரிக்க வல்லது.

இன்று எண்ணெயின் பங்கு மிகக் குறைவு. எனினும், நிலக்கரியைப் பெரிதும் வெளிநாடுகளிலிருந்தே வாங்குகின்றோம். அதன் புகையும் காற்றைக் கெடுக்கின்றது. எனவே, 2050க்குள் மின் உற்பத்தித் திறனில் 70 விழுக்காட்டைச் சூரிய ஒளி, நீர் போன்ற புதுப்பிக்கத்தக்க வளங்களிலிருந்து பெற 2023இல் இலக்கு வகுக்கப்பட்டது.

ஒன்றையே நம்பினால் அதன் விலைக்கு நாம் அடிமை. பலவற்றைப் பேணினால் நம் விளக்கு அணையாது.