சுடருக்கு முன் ஓர் ஒளி

நுழையும்முன்

நெருப்பை வணங்குவது நம் மரபு. அதனை அளந்து ஆள்வது அறிவியல். எரிபொருளின் கலவையை, அது எரியும் முன்பே சீரொளி (லேசர்) உணரிகள் எவ்வாறு அறிவிக்கின்றன என்பதை இப்பாடம் விளக்குகிறது.

திருவண்ணாமலைக் கிரிவலப் பாதையில் அமைந்த ஊர் அடி அண்ணாமலை. கார்த்திகைத் தீபத்தன்று அங்கு நிற்போர் மலையுச்சியை அண்ணாந்து பார்ப்பர். கொப்பரையில் எரிவது நெய்யும் திரியும் என்பதில் எவருக்கும் ஐயமில்லை. அவ்வூர் அடுக்களையில் அடுப்பின் நீலச்சுடர் மஞ்சளானால், காற்று போதவில்லை என உணரலாம். ஆனால், ஆலையின் இரும்புக்குழாய்க்குள் ஓடும் வாயுவில் என்ன கலந்துள்ளது என்பதை எரியும் முன்பே அறிவது எவ்வாறு?

அறிய வேண்டியது ஏன்?

நிலக்கரியை வாயுவாக்கி மின்னாற்றல் பெறும் 6.2 மெகாவாட் செயல்விளக்க நிலையம் ஒன்றைத் திருச்சிராப்பள்ளியில் பாரத மிகுமின் நிறுவனம் அமைத்து ஆய்வு செய்தது. நிலக்கரியை நீராவியுடனும் அளவான காற்றுடனும் வினைபுரியச் செய்தால் ஹைட்ரஜன், கார்பன் மோனாக்சைடு, கார்பன் டைஆக்சைடு, மீத்தேன், நைட்ரஜன் ஆகியவை கலந்த வாயு கிடைக்கும். நிலக்கரியின் ஈரமும் சாம்பலும் மாறுந்தோறும் இக்கலவையும் மாறும். சுழலியில் எரியும் சுடர் நிலைகுலையும். குழாய்க்குள் ஆக்சிஜன் மிகுந்தால் வெடிவிபத்து நேரலாம். கார்பன் மோனாக்சைடோ நிறமும் மணமும் அற்ற நஞ்சு; அது கசிந்தால் மூக்கு எச்சரிக்காது. மாதிரி எடுத்து வண்ணப்பிரிகை முறையில் ஆராய்ந்தால் விடை கிடைக்கச் சில நிமிடங்கள் ஆகும். அதற்குள் கலவை மாறிவிடக்கூடும்.

ஒளி காட்டும் அடையாளம்

பல வாயுக்கள் தமக்கே உரிய அலைநீளங்களில் ஒளியை உட்கவர்கின்றன. மீத்தேன், ஏறத்தாழ 1.65 மைக்ரோமீட்டர் அலைநீளமுள்ள அகச்சிவப்பு ஒளியை உட்கவரும். குழாயின் ஒருபுறச் சாளரம் வழியே அவ்வொளியைச் செலுத்தி, மறுபுறம் அது எவ்வளவு குறைந்துள்ளது என அளந்தால் மீத்தேனின் அளவு சில நொடிகளில் தெரியும்.

ஹைட்ரஜனும் நைட்ரஜனும் இம்முறைக்கு எளிதில் அகப்படா. அவற்றைக் காட்டிக்கொடுப்பது இராமன் விளைவு. திருச்சிராப்பள்ளியில் பிறந்த சர் சி.வி. இராமன், வத்திராயிருப்பில் பிறந்த கே.எஸ். கிருஷ்ணனுடன் கொல்கத்தாவில் ஆய்ந்து, 1928 பிப்ரவரி 28 அன்று இதனைக் கண்டறிந்தார். மூலக்கூறின்மீது விழும் ஒளியில் மிகச்சிறு பகுதி, மூலக்கூறின் அதிர்வுக்கு ஆற்றலை ஈந்து நிறம் மாறிச் சிதறுகிறது. நிறமாற்றம் வாயு எது என்பதையும், சிதறிய ஒளியின் செறிவு அதன் அளவையும் உணர்த்தும். இச்சிதறல் மிக நலிவானது. 1960இல் உருவான சீரொளி, செறிவுமிக்க ஒற்றைநிற ஒளியைத் தந்து அக்குறையைப் பெரிதும் நீக்கியது. அறிவியலாளர் ஆய்வுக்கூடத்தில் கண்ட உண்மை ஆலைக்குள் காவலாக நின்றது.

கருவியும் கடமையும்

சாளரத்தில் தூசியும் தாரும் படிந்தால் ஒளி மங்கும், அளவும் பிழைபடும். எனவே, சாளரத்தைத் தூய்மை செய்வதும், கலவை அறிந்த வாயுவைச் செலுத்திக் கருவியைச் சரிபார்ப்பதும் இன்றியமையாதவை. உணரி எச்சரிக்கும், அதனை மதித்து உரிய நேரத்தில் அடைப்பிதழை மூடுவது மனிதர் கடமை. அங்கே உழைப்போரின் உயிர் அக்கடமையைச் சார்ந்தே இருக்கிறது.

கற்பவை கற்றபின்

1. ஹைட்ரஜனை அறிய இராமன் விளைவு தேவைப்படுவது ஏன்? விளக்குக.
2. ‘கருவி எச்சரிக்கும், காப்பவர் மனிதரே’ – இத்தலைப்பில் வகுப்பில் கலந்துரையாடுக.