பல்லைப் பிடுங்கும் முன் கேட்க வேண்டியவை

சிங்கப்பூரின் மேற்கே உள்ள பூன் லே, சியூ பூன் லே என்னும் சீன வணிகரின் பெயரைத் தாங்கியது. அவர் அங்கு முதலில் கேம்பியரும் பின்னர் ரப்பரும் பயிரிட்டார். பால்மரங்கள் நின்ற அவ்வட்டாரத்தில் இன்று அடுக்குமாடி வீடுகளும் அருகே ஜூரோங் தொழிற்பேட்டையும் விளங்குகின்றன. தோட்டங்களிலிருந்து வேலை தேடிச் சென்ற நம் பிள்ளைகளும் அப்பகுதியில் பணிபுரிகின்றனர்.

அங்கு ஒரு தொழிலாளி கீழ்த்தாடையின் ஞானப்பல்லைப் பிடுங்கிக்கொள்கிறார் என வைத்துக்கொள்வோம். வலி தீர்ந்தது. ஆனால் திங்கள் பல கடந்தும் கீழுதடு மரத்தே கிடக்கிறது. வாயோரம் தேநீர் வழிவதும் அவருக்குத் தெரிவதில்லை. மருத்துவர்மீது அவர் வழக்குத் தொடுக்கலாமா?

தீங்கு நேர்ந்தது என்பது மட்டும் வழக்குக்குப் போதாது. கீழ்த்தாடை எலும்பினுள் உதட்டுக்கும் மோவாய்க்கும் உணர்ச்சி தரும் நரம்பு ஒன்று ஓடுகிறது. சிலருக்கு ஞானப்பல்லின் வேர் அதனை ஒட்டியே அமைந்திருக்கும். கைதேர்ந்த மருத்துவர் முழுக் கவனத்துடன் பிடுங்கினாலும் அந்நரம்பு நசுங்கக்கூடும். பெரும்பாலோருக்கு உணர்ச்சி மீண்டுவிடும். மிகச் சிலருக்கே குறை நிலைத்துவிடும். ஆகவே நீதிமன்றம் கேட்பது வேறு. மருத்துவர் தம் தொழிலுக்குரிய கவனத்தோடு நடந்தாரா? தவறினார் எனில், அத்தவற்றால்தான் தீங்கு விளைந்ததா? இவ்விரண்டையும் மெய்ப்பிக்கும் பொறுப்பு வழக்குத் தொடுப்பவருடையது. சிகிச்சை முறையைப் பொறுத்தவரை, 1957ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் போலம் வழக்கில் பிறந்த விதியே அடிப்படை. பொறுப்புள்ள சக மருத்துவர்கள் அம்முறையை ஏற்பார்களாயின், அவர்கள் கருத்து அறிவுக்குப் பொருந்துவதாகவும் இருக்குமாயின், அது கவனக்குறைவாகாது.

மருத்துவர் முன்கூட்டி என்ன சொன்னார் என்பது தனிக் கேள்வி. நம் கருத்தில் தொழிலாளர்கள் முதலில் அறிய வேண்டியதும் இதுவே. 2017இல் சிங்கப்பூர் மேல்முறையீட்டு நீதிமன்றம், கணைய அறுவை பற்றிய ஒரு வழக்கில், நோயாளியின் நிலையில் இருப்பவர் அறிய விரும்பும் அபாயங்களை மருத்துவர் சொல்ல வேண்டும் என்று வகுத்தது. (அந்நோயாளியின் வழக்கு தள்ளுபடியாயிற்று என்பது வேறு செய்தி.) 2022 ஜூலை 1 முதல் நடப்புக்கு வந்த சட்டத் திருத்தம், சக மருத்துவர்களின் கருத்தை மீண்டும் அளவுகோலாக்கியது. ஆயினும், நோயாளி முடிவெடுக்கத் தேவையான விவரம் தரப்பட்டதா என்பதையும் அக்கருத்து கணக்கிற் கொண்டிருத்தல் வேண்டும். பல் மருத்துவர்களும் இதற்குள் அடங்குவர்.

“மருத்துவர் சொல்லவில்லை” என்பதோடும் முடிவதில்லை. சொல்லியிருந்தால் சம்மதித்திருக்க மாட்டேன் என்றும் காட்ட வேண்டும். சீழ் பிடித்து முகம் வீங்கியவர் இவ்வாறு கூறினால் நீதிபதி நம்புவது அரிது. வலியே இல்லாத பல்லைப் பிடுங்கிக்கொண்டவர் கூறினால் நம்பக்கூடும்.

ஆதலால், ஒப்புதல் பாரத்தில் கையொப்பமிடுமுன் கேளுங்கள்: எக்ஸ்ரே படத்தில் வேர் நரம்பின் அருகே உள்ளதா? பிடுங்காமல் விட்டால் என்ன ஆகும்? பல்லின் தலைப்பகுதியை மட்டும் நீக்க வழியுண்டா? மொழி விளங்காவிடின் விளங்கும் மொழியில் சொல்லக் கோருங்கள். ரசீதையும் படத்தின் நகலையும் பத்திரப்படுத்துங்கள்.

சிங்கப்பூரில் உடற்காயத்துக்கான வழக்கை, காயம் நேர்ந்த நாளிலிருந்தோ அதனை அறிந்த நாளிலிருந்தோ 3 ஆண்டுகளுக்குள் தொடுக்க வேண்டும். தீபகற்ப மலேசியாவில் தனியார் மருத்துவர்மீது 6 ஆண்டுகள். அரசாங்க மருந்தகமாயின் 36 மாதங்களே. சிங்கப்பூர்ப் பல் மருத்துவ மன்றத்திலும் புகார் செய்யலாம். அம்மன்றத்தால் மருத்துவரைத் தண்டிக்க இயலுமேயன்றி, நோயாளிக்கு நட்டஈடு வழங்க இயலாது. அதற்கு நீதிமன்றத்தையோ சமரசப் பேச்சையோதான் நாட வேண்டும்.