ஓர் அரங்கின் பங்காளிகள்



கட்டடப் பொறியியல் பயிலும் எனக்குச் சென்ற பருவத்தில், தூணில்லாப் பெருங்கூரைகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதும் பணி வந்தது. நூலகத்தில் தேடியபோது கனடா நாட்டு டொராண்டோ நகரின் பனிக்கட்டி ஹாக்கி அரங்கம் ஒன்றின் வரலாறு கிட்டியது. கூரையைப் பற்றி அறியப் போனவன் கூலியைப் பற்றி அறிந்து வந்தேன். அதனை நம் மன்றத்து அன்பர்களுக்குச் சொல்ல விழைகிறேன்.

முதலில் ஆட்டத்தைப் பற்றி ஒரு சொல். நாம் அறிந்த ஹாக்கியைத் திடலில் பக்கத்துக்குப் பதினொருவர் ஆடுவர். பனிக்கட்டி ஹாக்கியோ, பக்கத்துக்கு அறுவர் சறுக்குக் காலணி பூண்டு, ஏறத்தாழ 200 அடி நீளமும் 85 அடி அகலமும் உள்ள உறைபனித் தளத்தில் ஆடுவது. பந்துக்குப் பதிலாக ரப்பர் வட்டு. தளம் எங்ஙனம் உறைகிறது? காங்கிரீட்டுத் தரைக்குள் குழாய்களைப் பதித்து, அவற்றில் கடுங்குளிரூட்டிய உப்புநீரை ஓட விடுவர். உப்புநீர் எளிதில் உறையாது. ஆனால் தரைமேல் தெளிக்கும் நல்ல நீர் படலம் படலமாக உறைந்து, ஏறத்தாழ ஓர் அங்குலக் கனம் பெறும். அதன்மேல் பலகைகளைப் பரப்பிவிட்டால் மறுநாள் அதுவே குத்துச்சண்டைக் களம், கூடைப்பந்துத் தளம், இசை மேடை! பல்நோக்கு அரங்கத்தின் சூட்சுமம் இதுதான்.

இனி வரலாற்றுக்கு வருவோம். ‘மேப்பிள் லீஃப்ஸ்’ என்னும் டொராண்டோ அணி, நகரின் பழைய சிற்றரங்கம் ஒன்றில் ஆடிவந்தது. அணியை நடத்திய கான் ஸ்மைத் பேரரங்கம் ஒன்று கட்ட விரும்பினார். காலமோ பொல்லாத காலம். 1929-இல் தொடங்கிய பொருளாதார மந்தத்தால் ஆலைகள் மூடிக்கிடந்தன. கடன் கொடுக்க வங்கிகள் தயங்கின. திட்டம் கைவிடப்படும் நிலையில், ஸ்மைத்தின் உதவியாளர் பிராங்க் செல்கி ஒரு வழி கண்டார். அவர் மின்தொழிலாளர் சங்கத்தில் பணியாற்றியவர். கட்டடத் தொழிலாளர் சங்கத் தலைவர்களிடம் சென்று, கூலியில் ஐந்தில் ஒரு பங்கைப் பணமாக அல்லாமல் அரங்க நிறுவனத்தின் பங்குப் பத்திரமாகப் பெற்றுக்கொள்ள வேண்டினார். வேலையே இல்லாத நாளில் அரை வயிற்றுக்காவது உழைப்போம் என அவர்கள் இசைந்தனர். தொழிலாளர் முன்வந்ததைக் கண்டு வங்கியும் முன்வந்தது.

1931 ஜூன் மாதம் வேலை தொடங்கியது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் உழைத்தனர். ஐந்தரை மாதங்களுக்குள் கட்டடம் எழுந்தது. மேலே எஃகுச் சட்டங்களால் ஆன குவிமாடக் கூரை. பார்வையாளர் கண்ணை மறைக்க நடுவில் ஒரு தூணும் இல்லை. 1931 நவம்பர் 12 அன்று ‘மேப்பிள் லீஃப் கார்டன்ஸ்’ திறக்கப்பட்டது. பதின்மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் திரண்ட அன்றைய ஆட்டத்தில் சிகாகோ அணியிடம் 2-1 என்று உள்ளூர் அணி தோற்றது. எனினும் அந்தப் பருவத்திலேயே ஸ்டான்லி கோப்பையை வென்றது. 1967 வரை அவ்வரங்கைத் தாயகமாகக் கொண்டு 11 முறை அக்கோப்பையைக் கைப்பற்றியது. உச்சியில் தொங்கிய கூண்டிலிருந்து பாஸ்டர் ஹெவிட் என்பார் வானொலியில் ஆட்டத்தை வருணிக்க, சனிக்கிழமை இரவுகளில் நாடே செவிமடுத்தது.

பனியாட்டம் மட்டுமா? பின்னாளில் என்.பி.ஏ. என்று பெயர் பெற்ற கூடைப்பந்துக் கழகத்தின் முதல் ஆட்டம் 1946 நவம்பர் 1 அன்று இங்குதான் நடந்தது. 1964-இல் பீட்டில்ஸ் குழுவினர் இங்குப் பாடினர். வியட்நாம் போரைக் குறித்துப் பேசியதற்காக அமெரிக்க நகரங்கள் முகம்மது அலிக்கு இடம் மறுத்தபோது, 1966 மார்ச்சில் அவர் ஜார்ஜ் சுவாலோவுடன் 15 சுற்றுகள் பொருதது இம்மேடையில்தான்.

ஆனால் பங்குகளின் கதை வேறு திசையில் சென்றது. 1947-இல் நிறுவனம் ஸ்மைத்தின் ஆளுகைக்குள் வந்தது. பின்னர் அது ஹெரால்ட் பாலார்ட் என்பவர் கைக்குப் போயிற்று. நிறுவனப் பணத்தைக் கையாடிய குற்றத்துக்காக அவர் 1972-இல் சிறைத்தண்டனை பெற்றார். அரங்கப் பணியாளர் சிலர் பல ஆண்டுகளாகச் சிறுவர்க்கு இழைத்த பாலியல் கொடுமை 1997-இல் வெளியாயிற்று. பெருமையை மட்டும் எழுதி இதனை மறைப்பது வரலாறாகாது.

1999 பிப்ரவரி 13 அன்று கடைசி ஆட்டம். எதிரணி அதே சிகாகோ. முடிவும் அதே தோல்வி, 6-2. அணி புதிய அரங்குக்குக் குடிபெயர்ந்தது. தங்கள் புதிய அரங்குக்குப் போட்டியாகிவிடும் என்று அஞ்சிய உரிமையாளர், பழையதை அரங்கமாக நடத்த விரும்பியோருக்கு விற்க மறுத்தனர். 2004-இல் ஒரு மளிகை வணிக நிறுவனத்துக்கு விற்றனர். 2011-இல் கீழ்த்தளத்தில் அங்காடி திறந்தது. 2012-இல் மேல்தளத்தில், அதே பழைய குவிமாடத்தின் கீழ், அருகிலுள்ள பல்கலைக்கழகத்தின் பனித்தளம் திறந்தது. பழைய ஆடுகளத்தின் நடுப்புள்ளி இருந்த இடத்தை அங்காடித் தரையில் ஒரு செந்நிற வட்டம் காட்டுகிறது.

இதைப் படித்தபோது என் தந்தையை நினைத்தேன். அவர் கொத்தனார். ஊரில் ஒரு திருமண மண்டபத்துக்கு எட்டு மாதம் சுவர் எழுப்பினார். திறப்பு விழாவன்று வாயிலில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பினார், அழைப்பில்லை. டொராண்டோத் தொழிலாளர்களும் செல்வராகிவிடவில்லை. வயிற்றுப்பாட்டுக்காகப் பத்திரத்தை விரைவில் விற்றவர் உண்டு. ஆயினும் ஒரு காலத்துக்கேனும், தாம் அடுக்கிய செங்கல்லில் தமக்கும் பங்குண்டு என்று சொல்ல அவர்களிடம் ஒரு தாள் இருந்தது.

நம் விடுதிக்கு எதிரே புதிய கலையரங்கம் எழுந்து வருகிறது. பொங்கல் விழாவை அங்கு நடத்துவோம் என்று இப்போதே பேசிக்கொள்கிறோம். அன்று முதல் வரிசையில் அமர, இன்று அங்குச் சாந்து குழைப்போரையும் அழைக்க வேண்டுமென்று நம் மன்றச் செயலாளரிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். உடன் கையொப்பமிட விரும்பும் நண்பர்கள் என் அறைக்கு வருக.