வாள் பிடித்த ஊர், தராசு வளர்த்த ஊர்



ஊரில் கலகம் என்றால் முதலில் மூடுவது நம் கடை. அமைதி வந்தால் முதலில் திறப்பதும் நம் கடையே. இடையில் ஊர் எப்படி மாறுகிறது என்பதற்கு இங்கிலாந்தின் யார்க் நகரம் நல்ல பாடம்.

பழைய சந்தை

யார்க், ரோமானியர் கட்டிய கோட்டை ஊர். ஊஸ், ஃபாஸ் என்ற இரண்டு ஆறுகள் கூடும் இடம். கடலிலிருந்து படகில் சரக்கு வந்து இறங்கும். 8-ஆம் நூற்றாண்டில் கோட்டைக்கு வெளியே, இன்று ஃபிஷர்கேட் எனப்படும் பகுதியில் வியாபாரிகள் குடியிருந்தனர். 9-ஆம் நூற்றாண்டில் அந்த இடம் வெறிச்சோடிப் போயிற்று.

866 நவம்பர் 1-ஆம் நாள் டேனிஷ் படை நகரைப் பிடித்தது. அடுத்த ஆண்டு மீட்க வந்த ஓஸ்பெர்ட், ஏல்லா என்ற இரு அரசர்களும் மாண்டனர்.

கொள்ளையர் குடியானவரானார்கள்

876-இல் படைத்தலைவர் ஹாஃப்டன், நார்தம்பிரியா நாட்டு நிலத்தைத் தம் ஆட்களுக்குப் பங்கிட்டார். கொள்ளைக்கு வந்தவர்கள் ஏர் பிடித்தார்கள். உழுகிறவனுக்கு விற்க ஒரு சந்தை வேண்டும் அல்லவா?

அந்தச் சந்தை இரண்டு ஆறுகளுக்கும் நடுவே வளர்ந்தது. அங்குள்ள காப்பர்கேட் தெருவை 1976 முதல் 1981 வரை தோண்டிப் பார்த்தார்கள். ‘கேட்’ என்றால் இங்கே வாசல் அல்ல. வந்தேறியவர் மொழியில் தெரு. மரக்கிண்ணம் கடைபவர்கள் தெரு என்பது பெயரின் பொருள். 10-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அங்கே நான்கு மனைகளைப் பிரித்துப் படல் வேலி போட்டிருந்தார்கள். முகப்பு குறுகல், பின்பக்கம் நீளம். தெருவைப் பார்த்த இடத்துக்கு அன்றும் கிராக்கி! அந்த எல்லைகள் ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள் நிலைத்தன.

மண்ணுக்குள் எடைக்கற்கள், பட்டுத் துணி, பால்டிக் கரை அம்பர், செங்கடல் பக்கத்துச் சோழி எல்லாம் கிடைத்தன.

நல்ல காசும் கள்ளக் காசும்

பழைய அரசர்களின் காசு கடைசியில் வெறும் செம்புக் கலப்பாகத் தேய்ந்திருந்தது. வந்தவர்கள் வெள்ளிக் காசு அடித்தார்கள். பிறகு, தோற்ற மக்கள் வணங்கிய புனித பேதுருவின் பெயரிலேயே காசு வெளிவந்தது. வாங்குகிறவன் நம்பினால்தானே காசு செல்லும்!

அதே காப்பர்கேட்டில் சமர்க்கண்டு வெள்ளி நாணயம் போலச் செய்த செம்புக் கள்ளக் காசும் அகப்பட்டது. நாற்பது ஆண்டுகளாகக் கல்லாவில் நோட்டைத் தடவிப் பார்க்கும் நமக்கு இது புதிதல்ல. யாரோ ஒரு வியாபாரி அன்று ஏமாந்திருப்பார் என்றே நினைக்கிறோம்.

நமக்குப் பாடம்

954-இல் கடைசி வைக்கிங் அரசர் எரிக் துரத்தப்பட்டார். ஆட்சி போயிற்று; தெருப்பெயரும் மனை எல்லையும் சந்தையும் போகவில்லை. ஊரைப் பிடிக்க வாள் போதும். அதை ஊராக வைத்திருக்க ஒழுங்கான எல்லை, சரியான எடை, நம்பிக்கையான காசு மூன்றும் வேண்டும். இவற்றில் எடை நம் கையில் இருக்கிறது. அதை நாம் காப்போம்.